முந்திக்கொள்ளும் துடிப்பு: பெயரைப் பார்த்து மிரளாதீர்கள்



இப்போதெல்லாம் கைக்கடிகாரமே ஈ.சி.ஜி. எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "பயப்பட வேண்டுமா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நான் கணக்கு வாத்தியார்தான், மருத்துவன் அல்ல. ஆனால் இதில் கொஞ்சம் கணக்கு இருப்பதால் சொல்கிறேன்.

இதயத்தின் மேலறையில் உள்ள சைனஸ் கணுதான் தாளம் போடுகிறது. சில சமயம் கீழறை தன் முறை வருமுன்பே முந்திக்கொண்டு துடித்துவிடும். சரியாக நிரம்பாமலே துடிப்பதால், அந்தத் துடிப்பு பல நேரம் மணிக்கட்டு நாடிக்கு எட்டாது. அடுத்து சைனஸ் கணு அனுப்பும் கட்டளையை ஏற்கக் கீழறை இன்னும் தயாராக இருக்காது. அதனால் ஓர் இடைவெளி விழுகிறது. முந்திய துடிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள இயல்பான துடிப்புகளுக்கு நடுவே அளந்தால், பெரும்பாலும் வழக்கமான இடைவெளியைப் போல இரு மடங்கு வரும். அதாவது, தாளம் போடுபவர் தவறவே இல்லை. அந்த நேரத்தில் நன்றாக நிரம்பிய இதயம் அடுத்து ஓங்கி அடிக்கிறது. நெஞ்சில் 'திடுக்' என்பது பெரும்பாலும் அதுதான்.

ஒன்று விட்டு ஒன்று இப்படி வந்தால் பைஜெமினி. மூன்றில் ஒன்று வந்தால் ட்ரைஜெமினி. பைஜெமினியில் இதயம் 76 முறை துடித்தாலும், விரலில் மாட்டும் கருவி 38 என்று காட்டக்கூடும். பாதி வீடுகளில் பதற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

என் கருத்து இது: பெயரைக் கேட்காதீர்கள், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். 24 மணி நேர ஹோல்டர் பதிவில் மொத்தம் எத்தனை? எக்கோவில் இதயம் நலமா? ஒரு நாளைக்கு நம் இதயம் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. நலமான இதயத்தில் அதில் சில நூறு முந்துவது பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. 10 சதவீதத்தைத் தாண்டினால் விஷயம் வேறு. அந்த எண்ணிக்கையே சிலருக்கு நாளடைவில் இதயத் தசையைத் தளர்த்திவிடலாம்.

மயக்கம் போட்டு விழுவது, உழைக்கும்போது இத்துடிப்புகள் கூடுவது, மூன்றோ அதற்கு மேலோ வேகமாக வரிசையாக வருவது, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

"மாத்திரை போட்டு இதை அடக்கிவிட்டால் போதாதா?" என்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த காஸ்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு மாத்திரைகளைக் கொடுத்தார்கள். முந்தும் துடிப்புகள் அடங்கின. ஆனால் 1991இல் வெளியான முடிவின்படி, மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். தாள் அழகானது, ஆள் போய்விட்டார்.

ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஈ.சி.ஜி.யைக் குழுவில் போடுவதைவிட மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த இரண்டு கேள்விகளையும் மறக்காமல் கேளுங்கள்.