கண்டிக்கு ஓர் ஆற்றுப்படை

புதியவன் ஒருவன் வழி வினவுங்கால், அவனுக்கு விடை கூறும் முறையைக் கொண்டே ஓர் ஊரின் பண்பை அளந்துவிடலாம். 'தெரியாது' என்று கைவிரிக்கும் ஊரும் உண்டு. தன் வேலையை நிறுத்திவிட்டுச் சந்திவரை உடன்வந்து காட்டும் ஊரும் உண்டு. பண்டைத் தமிழர் இப்பண்பை வெறும் உபசாரமாகக் கருதினாரல்லர். ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தனர். ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது வழியிற் செலுத்துதல். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாய் அமைந்திருத்தல் மாணவர் அறிந்ததே.

அவற்றுள், மலைநாட்டில் வாழும் நமக்கு மிக நெருக்கமானது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட வறிய கூத்தர்க்கு வள்ளலின் புகழை மட்டும் கூறி அமைந்தானல்லன். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே உள்ளன, பாம்பு உறையும் குழிகள் எங்கே, பாறை வழுக்குமிடம் எது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, இரவில் தங்கத்தக்க குகை எது, உணவிட்டுப் போற்றும் குடியினர் யாவர் என்பனவற்றையெல்லாம் எடுத்துரைக்கின்றான். தான் பெற்ற பேற்றினைப் பிறரும் பெறுக என்னும் நெஞ்சம் அது. அந்நெஞ்சத்தோடு வழியின் இடரையும் மறையாது கூறும் வாய்மை சேர்ந்தபோதே அஃது ஆற்றுப்படையாயிற்று.

கண்டிக்கு வருவோர்க்கும் இத்தகைய சொல் வேண்டியிருக்கின்றது. 1867ஆம் ஆண்டில் புகையிரதம் இம்மாநகரை எட்டியது. ஆயினும் பதுளை செல்லும் தலைமைப் பாதை பேராதனைச் சந்தியிலேயே பிரிந்துவிடுகின்றது. கண்டியோ மாத்தளை செல்லும் கிளையில் அமைந்தது. ஆதலின் அட்டன், பதுளைப் பக்கம் செல்வோர் தம் வண்டி கண்டிக்குள் வருமா, வாராதா என்று முன்னரே கேட்டறிதல் நன்று. எசல பெரஹரா நடைபெறும் நாட்களில் நகர வீதிகள் பல அடைபடும். அவசர அலுவலுடையோர் அந்நாட்களைத் தவிர்த்தல் வேண்டும். பெருமழைக் காலத்தில் மலைச்சாலை பற்றிய எச்சரிக்கையை எள்ளி நகையாடலாகாது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த மழையில் இம்மாவட்டத்து மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்து உயிர்களைக் கொண்டுபோன துயரம் நம் கண்முன் நிற்கின்றது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய காலத்தில் வந்து சேரவில்லை என்னும் குறையும் அந்நாட்களில் எழுந்தது. வழி சொல்லுதல் உயிர் காத்தலும் ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. கடல் கடந்து வரும் பயணிக்கு வழிகாட்ட நூல்களும் வரைபடங்களும் பல உள. தோட்டத்திலிருந்து ஒரு பத்திரத்திற்காகவோ, மருந்துக்காகவோ விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்கும் நம்மவர்க்கு வழிகாட்டி எது? பலகையிற் கண்ட தமிழ் ஒன்றே. அத்தமிழின் நிலையை யாவரும் அறிவோம். பஸ் இருக்கைக்கு மேல் 'தாய்மார்' என்றிருக்க வேண்டிய இடத்தில் தகரம் நகரமாய் மாறிய கொடுமையைக் கண்டு நகைத்தோர் நம்முட் பலர்.

யானும் நகைத்தவனே. அந்நகைப்பு அகன்ற நாளைச் சொல்லுகின்றேன். ஓர் அலுவலகத்தில் அடுத்தடுத்து இரண்டு யன்னல்கள். சிங்களத்தில் ஒன்றன்மேற் பிறப்பு என்றும், மற்றதன்மேல் இறப்பு என்றும் செம்மையாக எழுதியிருந்தனர். தமிழிலோ இரண்டன்மேலும் 'பிறப்பு' என்றே இருந்தது. முன்னொரு நாள் அதனைக் கண்டு, நண்பரிடம் கூறிச் சிரித்து, அப்பாற் சென்றிருந்தேன். மறுமுறை சென்றபோது முதிய தாயார் ஒருவர், கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரம் பெறுதற்பொருட்டு, காலை முதல் பிறப்புப் பதிவு வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் திருப்பி விடப்பட்டுக் கலங்கி நின்றார். "வரிசை மாறி நின்றீர்களே, அம்மா" என்றேன். "எழுதியிருக்கிறதப் பாத்துத்தானே ஐயா நின்னேன்" என்றார். எனக்கு மறுமொழி இல்லை. சிங்கள இளைஞர் ஒருவர் அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்து, அடுத்த யன்னலுக்கு அழைத்துச் சென்று, அங்கு நின்றோரிடம் நிலைமையைக் கூறி முன்னே நிறுத்தினார். ஆற்றுப்படையைப் பல்லாண்டு கற்பித்தவன் யான், ஆற்றுப்படுத்தியவர் அவர்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அஃது உரிமை, அவ்வுரிமையை வற்புறுத்துதல் நம் கடன். 'பிழையின்றி எழுதுவது அரசின் பொறுப்பன்றோ? நாம் ஏன் அலைய வேண்டும்?' என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் சட்டம் பலகையை நாட்டுவிக்கும். அதன்மேல் புள்ளி வைக்க மாட்டாது. பலகை எழுதுவோர் பலர் தமிழ் அறியாதவர். இக்காலத்திலோ கணினி பெயர்த்ததை எவரும் படித்துப் பாராமலே அச்சிடுகின்றனர். படித்துப் பார்க்க வல்லார் யாம். யாமோ வகுப்பறையிற் சந்திப்பிழைக்கு மதிப்பெண் குறைத்துவிட்டு, வீதியிற் கண்ட பிழைக்குச் சிரித்துவிட்டுப் போகின்றோம்.

ஆதலின் ஆசிரியர்க்கும் மாணவர் மன்றங்கட்கும் ஒரு வேண்டுகோள். ஒரு விடுமுறை நாளில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து தொடங்கி வீதி வீதியாய் நடமின். பிழையான பலகை ஒவ்வொன்றையும் குறித்து, திருந்திய வடிவத்தைச் சிங்களச் சொல்லோடு இணைத்து எழுதி, 1865 முதல் இயங்கிவரும் மாநகர சபைக்கும் உரிய அலுவலகங்கட்கும் கையொப்பமிட்டு அனுப்புமின். திருந்தும்வரை மீண்டும் எழுதுமின். தோட்டத்தார் எளிதிற் படிக்குமாறு, எந்த அலுவலுக்கு எங்குச் செல்வது, என்ன பத்திரம் கொண்டுவருவது என ஒரு சிறு துண்டுப்பிரசுரம் ஆக்குமின். அண்டைமொழியாளர்க்கு அவர்தம் மொழியில் வழி சொல்லும் அளவுக்கேனும் சிங்களமும் கற்றுக்கொள்ளுமின்.

அந்த அலுவலகத்திற்கு யான் கடிதம் எழுதிவிட்டேன். அடுத்த திங்கள் சென்று பார்ப்பேன். பலகை மாறவில்லையாயின் மறுபடியும் எழுதுவேன்.