சுண்ணாம்பு பக்தர்களே, கொஞ்சம் நில்லுங்க!

இரும்பு ஆலை ஆளுங்ககிட்ட ஊதுலைக் கசடு எப்படி இருக்குன்னு கேட்டுப் பாருங்க. ஒரே ஒரு எண்ணைச் சொல்லுவாங்க. 1.2. கசடுல இருக்கற சுண்ணாம்பை சிலிக்காவால வகுத்தா வர்ற எண் அது. உலையோட ஜாதகமே அதுல அடங்கியிருக்கற மாதிரி ஒரு பக்தி. இரும்புல கந்தகம் ஏறிடுச்சா? சுண்ணாம்பைக் கூட்டு. மறுபடியும் ஏறிடுச்சா? இன்னும் கூட்டு. நானும் ஒரு ஆலையில (பேர் வேணாம் சாமி) சில வருஷம் இந்த பஜனையில கோரஸ் பாடினவன்தான்.

என் எரிச்சல் என்னன்னா, அந்த எண்ணுல பொட்டாசியமும் சோடியமும் கிடையவே கிடையாது.

தாதுலயும் கோக்லயும் (குடிக்கற கோக் இல்லைங்க, நிலக்கரியை வறுத்து எடுக்கறது) ஒட்டிக்கிட்டு வர்ற இந்த ஆல்கலி, ஒரு டன் இரும்புக்கு சில கிலோதான். "பொட்டாசியம் 759 டிகிரியிலயே கொதிச்சுடும், உலை அடியில 1500 டிகிரி, ஆவியாகி புகையோட போயிடும், விடுங்க சார்"னு ஒருத்தர் எனக்குப் பாடம் எடுத்தார். ஆவியாகுது, வாஸ்தவம். ஆனா மேல போகப் போக உலை குளிருதே! அங்க கார்பனேட்டாவும் சயனைடாவும் மாறி கோக் மேல, தாது மேல, சுவர் மேல படிஞ்சு, சரக்கோட சேர்ந்து திரும்ப கீழ வருது. (சயனைடு புதுக்கதை இல்லை. 1845லயே புன்சனும் பிளேஃபேரும் இங்கிலாந்துல ஆல்ஃப்ரிடன் உலையில பார்த்து எழுதிட்டாங்க.) கீழ வந்தா மறுபடி ஆவி. இப்படி வாசல் தெரியாம உள்ளயே சுத்தற கூட்டம், புதுசா வர்றதைவிட பல மடங்கா பெருகிடுது. கோக் நொறுங்குது, செங்கல் விரிசல் விடுது, சுவர்ல பாறை மாதிரி படிவு வளருது. சரக்கு இறங்காம தொங்கி, திடீர்னு சரிஞ்சு விழற நைட் ஷிஃப்ட்ல நின்னு பார்த்தவங்களுக்குத்தான் அந்த வயித்தக் கலக்கல் தெரியும். சீனாவுல பவோதோ ஆலை, பயன் ஓபோ தாதுல இருந்த ஃபுளோரினாலயும் ஆல்கலியாலயும் இதே படிவோட மல்லுக்கட்டினது தெரிஞ்ச கதை.

ஆல்கலி வெளிய போக உருப்படியான வழி கசடுதான். கசடுல அதைப் பிடிச்சு வெச்சுக்கறது யாரு? சிலிக்கா. சிலிக்கேட் உருகல்ல கரைஞ்ச பொட்டாசியம் ஆக்சைடோட ஆக்டிவிட்டி, தனியா இருக்கறதோட ஒப்பிட்டா கோடியில ஒரு பங்குக்கும் கீழ. அதாவது ஆள் இருக்கான், ஆனா எந்திரிச்சு ஓட முடியாது. இப்ப சுண்ணாம்பைக் கொட்டினா?

"சுண்ணாம்பு வலுவான காரம், அதான் துரத்துது"ன்னு ஒரு விளக்கம் ஓடுது. அதுவும் தப்பு. டஃபியும் இங்ராமும் போட்டுக் கொடுத்த ஆப்டிகல் பேசிசிட்டி கணக்குல சுண்ணாம்பு 1, சோடியம் ஆக்சைடு 1.15, பொட்டாசியம் ஆக்சைடு 1.4. பலசாலி பொட்டாசியம்தான். ஆனா கசடுல அது ஒண்ணு ரெண்டு சதவீதம், சுண்ணாம்பு முப்பதுக்கு மேல. கல்யாண கோஷ்டி மொத்தமா பஸ்ல ஏறி துண்டு போட்ட மாதிரி சிலிக்கா சீட்டெல்லாம் காலி. நின்னுக்கிட்டிருக்கற பொட்டாசியத்தை கார்பன் இழுத்து ஆவியாக்கி மேல அனுப்பிடுது. கசடு சூடு கூடினா இன்னும் மோசம்.

அப்போ கந்தகம் என்ன ஆகும்பீங்க. நியாயமான கேள்விதான். கந்தகத்தை எடுக்க சுண்ணாம்பு கூடணும், ஆல்கலியை எடுக்க குறையணும். ஒரே கசடுகிட்ட ரெண்டையும் முழுசா கேக்கறது அராஜகம். என் கட்சி இதுதான்: உலைக்குள்ள சுண்ணாம்பைக் குறைச்சு ஆல்கலியைக் கழுவுங்க. கந்தகத்தை வெளிய லேடில்ல மக்னீசியம் ஊதி எடுங்க. செலவு உண்டு, மறுக்கலை. உலையை நிறுத்தி படிவை உடைக்கறது மட்டும் ஓசியிலயா நடக்குது? அதுக்கும் மனசு வரலைன்னா, சுண்ணாம்புல ஒரு பங்கையாவது மக்னீசியாவா மாத்துங்க, பிடிமானம் கூடும். முக்கியமா, உள்ள வந்த ஆல்கலி எவ்வளவு, கசடுல போனது எவ்வளவுன்னு தினமும் ஒரு வரவு செலவு எழுதுங்க.

நான் இருந்த ஆலையில ஒரு தடவை படிவை உடைச்சப்போ, ஒரு துண்டை லேபுக்கு அனுப்பச் சொன்னேன்.

"எதுக்கு சார்? 1.2 கரெக்டாத்தானே இருக்கு"ன்னாங்க.