தேய்த்தால் பிறக்கிறதா மின்சாரம்?

"கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால் தேய்த்தால் மின்சாரம் உண்டாகிறது." மாணவ நண்பர்களே, இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு தேர்வில் நீங்கள் எழுதியிருப்பீர்கள், முழு மதிப்பெண்ணும் பெற்றிருப்பீர்கள். இதை மாற்றி எழுத வேண்டும் என்பது என் கருத்து. இதில் 'உண்டாகிறது' என்பதும் சரியில்லை, 'தேய்த்தால்' என்பதும் போதாது.

முதலில் 'உண்டாகிறது' என்பதைப் பார்ப்போம். 1747-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளின் ஒரு சோதனையை விவரித்திருக்கிறார். மெழுகின்மேல் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் கண்ணாடிக் குழாயைத் தேய்க்கிறார். மற்றவர் அந்தக் குழாயிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறார். தரையில் நிற்கும் மூன்றாமவர் இருவரில் யாரிடம் விரலை நீட்டினாலும் பொறி பறக்கிறது. ஆனால் அவ்விருவரும் முதலில் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டால் இன்னும் வலுவான பொறி எழுகிறது. பிறகு இருவரிடமும் ஒன்றுமில்லை! ஒருவர் இழந்ததைத்தான் மற்றவர் பெற்றிருந்தார். எலெக்ட்ரான் என்ற பெயர்கூட இல்லாத காலம் அது, ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தது 1897-இல்தான். எல்லாப் பொருள்களிலும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் ஏற்கெனவே சரிசமமாக இருக்கின்றன. அவை பிரிந்து இடம் மாறுகின்றன, அவ்வளவே. ஒரு மைக்ரோ கூலும் என்னும் சிறிய அளவுக்கே சுமார் 6 லட்சம் கோடி எலெக்ட்ரான்கள் இடம் மாற வேண்டும்!

இனி 'தேய்த்தால்'. கடையில் விற்கும் செல்லோ டேப் இருந்தால் போதும். ஒரு சாண் நீளத் துண்டை மேசைமேல் ஒட்டுங்கள். அதன்மேல் இன்னொரு துண்டை ஒட்டுங்கள். பிடிப்பதற்கு முனைகளை மடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து மெதுவாக உரித்து, விரலால் இருபுறமும் இலேசாகத் தடவுங்கள். பிறகு ஒன்றையொன்று விட்டு வெடுக்கென்று பிரியுங்கள். அருகே கொண்டுவந்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும். இதேபோல் இன்னொரு ஜோடி செய்து, மேல் துண்டையும் மேல் துண்டையும் நெருக்கிப் பாருங்கள், விலகி ஓடும். (மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் காற்றின் ஈரம் காலை வாரிவிடும். வறண்ட நண்பகலில் செய்யுங்கள்.)

இங்கே எதையாவது தேய்த்தோமா? இல்லை. தொட்டவை பிரிந்தன, அதுவே போதுமாயிருந்தது. வழவழப்பான பரப்பும் நுண்ணளவில் மேடு பள்ளம்தான். சில இடங்கள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். தேய்க்கும்போது தொடும் இடங்கள் பெருகுகின்றன. தேய்ப்பதன் முக்கியமான வேலை இதுவே.

எனக்குள்ள பெரிய குறை வேறு. எந்தப் பொருள் எலெக்ட்ரானை இழக்கும், எது பெறும் என்று ஒரு வரிசையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஏன் அப்படி என்பதற்குப் பிளாஸ்டிக், கண்ணாடி போன்ற மின்கடத்தாப் பொருள்களில் இன்னும் முழுமையான விடை இல்லை என்பதைச் சொல்வதில்லை. இடம் மாறுவது எலெக்ட்ரானா, அயனியா, பொருளின் நுண் துகளா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 2011-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார், தொட்டுப் பிரிந்த பரப்பு ஒன்றை நுணுகி ஆராய்ந்தபோது அதில் நேரும் எதிரும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடந்தன! இரண்டின் வித்தியாசம்தான் நமக்கு ஒரே வகை மின்னூட்டமாகத் தெரிகிறது. அதுமட்டுமா, ஒரே பொருளாலான இரண்டு தகடுகள் தொட்டுப் பிரிந்தாலும் மின்னூட்டம் பெறுகின்றன. மனப்பாட வரிசையில் இதற்கு இடம் எங்கே? அடுத்த இயற்பியல் வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்.