எந்த வகுப்புக்குக் காசு கொடுப்பது?

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகளில் இரண்டு தினுசு உண்டு. முதல் தினுசு பட்டணங்களில் இருக்கிறது. தாயும் தகப்பனும் படித்தவர்கள். பள்ளிக்கூடம் மனப்பாடம்தான் சொல்லிக் கொடுக்கிறது என்று வெறுத்துப் போய், பிள்ளையை நிறுத்தித் தாங்களே கற்பிக்கிறார்கள். கணக்குக்கு ஒருவர், சங்கீதத்துக்கு ஒருவர், நீச்சலுக்கு ஒருவர் என்று வெளியிலிருந்து ஆள் அமர்த்துகிறார்கள். செய்யட்டும். அவர்களைப் பற்றி எழுத இந்த இடம் தேவையில்லை.

இரண்டாவது தினுசு நம் தெருவில் இருக்கிறது. தாய் களையெடுக்கப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாவதோடு நின்ற பெண். பத்தாவதில் கணக்கில் தவறி, மறுபடியும் பள்ளிப் படி ஏற வெட்கப்பட்டு லேத் பட்டறைக்குப் போகும் பையன். இவர்களும் வீட்டிலிருந்து படிக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். எந்த வகுப்பில் சேர்ப்பது, எந்தப் புத்தகத்தை வாங்குவது, யாருக்குக் காசு கொடுப்பது என்று சொல்ல ஆளில்லை. ஒரு மாதக் கூலியில் தவறான வகுப்பை வாங்கினால் மறுபடி வாங்கக் காசு கிடையாது. விஷயம் அவ்வளவு கனமானது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. பதினான்கு முடிந்த பிறகு அந்தச் சட்டம் பிள்ளையைத் தேடி வாசலுக்கு வராது. ஆனால் தேடி வருகிற ஒருவர் உண்டு. அவர்தான் ஆலை ஏஜெண்டு! கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா? ஒரு காலத்தில் “மூன்று வருஷம் வேலை, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம்” என்றார்கள். இப்போது “விடுதியும் உண்டு, வேலையும் உண்டு, தபால் மூலம் படிக்கவும் வைக்கிறோம்” என்று சேர்த்துச் சொல்கிறார்கள். சில இடங்களில் உண்மையிலேயே படிக்க வைக்கவும் கூடும். நம்புவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டிய கட்டணத்துக்கு ரசீது யார் பெயரில் வரும்? பரீட்சை நாளில் சம்பளத்துடன் லீவு உண்டா? அசல் சர்டிபிகேட் யார் பெட்டியில் இருக்கும்? மூன்றாவது கேள்விக்கு ஏஜெண்டு மழுப்பினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்திருப்பவன் பிள்ளையையே பிடித்து வைத்திருப்பவன்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லவேண்டும். பிள்ளை இன்னும் பள்ளியில் இருந்தால், வீட்டிலிருந்து படிக்கலாம் என்று அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். 6ஆம் வகுப்பு முதல் 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைக்குத்தான் மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் 2022ஆம் ஆண்டுத் திட்டமும், பையன்களுக்காக 2024இல் வந்த திட்டமும் சர்க்கார் பள்ளிப் படிப்பை வைத்தே தொடங்கப்பட்டன. நடுவில் நிறுத்தினால் இதெல்லாம் கை நழுவிப் போகக்கூடும். ஏற்கெனவே நின்றுவிட்ட பிள்ளைக்கும் முதல் நடை தலைமையாசிரியரிடம்தான். மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். தனியே போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள்.

அது முடியவே இல்லை என்றால், எட்டாவதும் பத்தாவதும் வீட்டிலிருந்து எழுத இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நம் மாநிலத்து அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாவது எழுதலாம். எட்டாவது தேறி பதினான்கரை வயது ஆனால் பத்தாவது எழுதலாம். பாடப் புத்தகம் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற அதே தமிழ்ப் புத்தகம்தான். முதல் தடவை எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதவேண்டும். தவறிய பாடத்தை மட்டும் பிறகு எழுதலாம்.

இதில் பலர் விழுகிற குழி ஒன்று உண்டு. அறிவியலில் எழுத்துப் பரீட்சை 75 மார்க்குக்கு. மீதி 25 செய்முறைக்கு. தனித்தேர்வர் அந்தச் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிந்து, குறித்த பள்ளிக்குப் போய், 80 சதவீத நாட்கள் வந்திருக்கவேண்டும். அதற்கான அறிவிப்பு பரீட்சைக்குப் பல மாதம் முன்னாலேயே வந்து போய்விடும். பத்திரிகையில் ஒரு மூலையில் வரும். அதைப் பார்க்காதவன் வருஷம் முழுதும் கண்விழித்துப் படித்தாலும் அந்த ஆண்டு பரீட்சைக்கு உட்கார முடியாது. வெளி வகுப்புகளிலே எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

மற்றொன்று, மத்திய சர்க்காரின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கியது. பத்தாவதுக்கு 14 வயது, பன்னிரண்டாவதுக்கு 15 வயது முடிந்திருந்தால் போதும். இதன் பெரிய வசதி, பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். ஐந்து பாடம் தேற ஐந்து வருஷம் அவகாசம். பரீட்சை ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவனுக்கு இது ஏற்றது. தஞ்சை டெல்டாத் தோழர்கள் ஏப்ரலைத் தேர்ந்தெடுங்கள். சம்பா அறுப்பு முடிந்து வயல் சும்மா கிடக்கும் காலம் அது. அக்டோபரில் நடவும் களையும் இருக்கும்போது எந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறக்கும்?

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. பாடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? உடனே டுட்டோரியல்காரர், “கணக்கு வேண்டாம், விஞ்ஞானம் வேண்டாம், சுலபமான ஐந்து பாடம் எழுது, பாஸ் நிச்சயம்” என்கிறார். பாஸ் ஆகும், உண்மை. ஆனால் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளில் சேரப் பத்தாவதில் கணக்கும் விஞ்ஞானமும் கேட்கிறார்கள். சுலபமான சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு பையன் அந்த வாசலில் நிற்பான், கதவு திறக்காது. கணக்கையும் விஞ்ஞானத்தையும் விடாதீர்கள். ஒரு வருஷம் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும்.

சேரும்போது கேட்கவேண்டியவை இன்னும் சில: இந்தப் பாடம் தமிழில் எழுத உண்டா? பரீட்சை மையம் எவ்வளவு தூரம்? நாம் குறிவைக்கிற வேலைக்கோ கல்லூரிக்கோ இந்தச் சான்றிதழை ஏற்கிறார்களா? கடைசிக் கேள்வியை டுட்டோரியலில் கேட்காதீர்கள். அந்தக் கல்லூரியிலேயே, அந்த ஆபீசிலேயே போய்க் கேளுங்கள். “ஓப்பன் போர்டு” என்று பலகை மாட்டி, எந்தச் சர்க்காரும் அறியாத பரீட்சையை நடத்திச் சான்றிதழ் விற்கிற மோசடிக்காரர்கள் நாட்டில் இருக்கிறார்கள்.

எந்த வகுப்பை எடைபோடவும் ஒரே கல் போதும். பரீட்சையை நடத்துவது யார்? டைப்ரைட்டிங் வகுப்பைப் பாருங்கள். ஓட்டுக் கொட்டகையில் நடக்கும். பழைய மெஷின்கள் தடதடக்கும். ஆனால் பரீட்சையைச் சர்க்கார் நடத்துகிறது. அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் சர்க்கார் ஆபீசில் தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கவேண்டும். எதிரே கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த கம்ப்யூட்டர் சென்டர். ஆறு மாத “டிப்ளமோ”. பாடம் நடத்துவதும் அவர், பரீட்சை வைப்பதும் அவர், கையெழுத்துப் போடுவதும் அவர்! அங்கே கற்றுக்கொள்வது வீணென்று சொல்லவில்லை. அந்தக் காகிதத்துக்கு அவர் கேட்கிற விலைதான் அநியாயம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளும் இதே ரகம்தான்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்க அவசியமே இல்லை. போன வருஷம் பத்தாவது தேறிய பிள்ளையின் புத்தகங்கள் உங்கள் தெருவிலேயே பரணில் கிடக்கும். எல்லா வகுப்புப் பாடப்புத்தகத்தையும் பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. வீட்டில் ஒரே போன்தான், அதையும் அப்பா ஷிப்டுக்கு எடுத்துப் போகிறார் என்றால், இரவே பாடத்தை இறக்கிவைத்துக்கொண்டு அவர் தூங்கும் நேரத்தில் பார்க்கலாம்.

நூலகத்தை மறந்தே போகிறோம். 1948இல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வசூலாகிறது. வாடகை வீட்டில் இருப்பவனும் வாடகை வழியாக அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். நாம் காசு கொடுத்த மேஜை, நாம் காசு கொடுத்த விளக்கு. பிள்ளை போய் உட்காரட்டும்! கிளை நூலகம் பூட்டியே கிடந்தால் மனு எழுதுங்கள்.

அப்படியானால் காசு எதற்கு? கணக்கு வாத்தியாருக்கு. ஒருவரை வைக்க முடியுமானால் அவரை வையுங்கள். மற்றதை எல்லாம் அக்கறையுள்ள பிள்ளை புத்தகத்தோடு போராடிப் படித்துவிடும். கணக்கு ஒரு படியில் தடுக்கினால் அடுத்த படி தெரியாது. எங்கே தடுக்கிற்று என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு மனிதர் வேண்டும்.

மைக்கேல் பாரடே என்ற ஆங்கில விஞ்ஞானியின் கதை இதற்குச் சாட்சி. கொல்லரின் மகன். பிறந்தது 1791. பதினான்கு வயதில், 1805இல், லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பைண்டு செய்ய வந்த புத்தகங்களையே படித்தான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றி இருந்ததைப் படித்துவிட்டுச் சின்னச் சோதனைகள் செய்துபார்த்தான். ஒரு கட்டத்துக்கு மேல் புத்தகம் போதவில்லை. 1810இல் டாட்டம் என்பவர் தன் வீட்டில் நடத்திய விஞ்ஞான வகுப்புக்குப் போனான். கட்டணம் ஒரு தடவைக்கு ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தது கொல்லுப்பட்டறையில் வேலை செய்த அண்ணன். 1812இல் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் ஹம்ப்ரி டேவியின் நான்கு பிரசங்கங்களைக் கேட்டான். கேட்டதை எழுதித் தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினான். மறு ஆண்டே ஆய்வுக்கூடத்தில் உதவியாளன் ஆனான். இன்று உங்கள் ஆலையில் ஓடுகிற மோட்டாரின் மூலத் தத்துவம் அவன் கண்டுபிடித்தது.

அண்ணன் தன் ஷில்லிங்கை எங்கே போட்டான் பாருங்கள். தம்பிக்குப் புத்தகத்தில் கிடைக்காத ஒன்றுக்குத்தான் போட்டான். இன்னொன்றும் கவனியுங்கள்: பாரடேக்குக் கணக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. தன் கண்டுபிடிப்புகளைக் கணிதத்தில் எழுத மாக்ஸ்வெல் என்ற வேறொருவர் வரவேண்டியதாயிற்று. இளமையில் ஒரு கணக்கு வாத்தியார் கிடைத்திருந்தால்!

நம் பிள்ளைகளுக்கு அந்த வாத்தியாரை எப்படி அமர்த்துவது? தனித்தனியாக டியூஷனுக்குக் கொடுத்தால் கட்டாது. எட்டுப் பத்து குடும்பம் சேர்ந்தால் முடியும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரையோ, பட்டம் முடித்து வேலையில்லாமல் இருக்கும் நம் தெரு வாலிபரையோ கேளுங்கள். சங்க ஆபீஸ் மாலையில் சும்மாதானே இருக்கிறது? அரை நைட் பார்க்கிற பையனுக்குக் காலையிலும், பகல் ஷிப்டுப் பெண்ணுக்கு மாலையிலுமாக வாரத்துக்கு மூன்று நாள் இரண்டு வேளை வைக்கலாம். பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேரும்படி நேரம் வையுங்கள்; இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே அவர்கள் நின்றுவிடுவார்கள். சம்பளத்தை மாத முதல் தேதியில் கொடுத்துவிடுங்கள். சொல்லிக் கொடுக்கிறவனும் கூலிக்காரன்தான்.

முதல் வேலையாக ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தினசரிப் பத்திரிகையில் தனித்தேர்வர் செய்முறைப் பயிற்சி அறிவிப்பு வருகிறதா என்று அவர் பார்த்துவரட்டும். வந்த அன்றே அதைக் கத்தரித்து ஆலை வாசலிலும், ஊர் டீக்கடையிலும், ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டட்டும். கடைசித் தேதியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதட்டும்.