பிட்டியை வெட்டித் தரவையில் கொட்டும் கணக்கு

மணல் எடுத்த பள்ளத்தை மண் போட்டு மூடி, மேலே நாலு மரம் நட்டால் நிலம் மீண்டுவிடுமாம். நிலக்கரி தோண்டும் பெரிய நாடுகளே அப்படித்தான் செய்கின்றனவாம். அந்த மணலைக் கொட்டி உயர்த்தும் தரவையெல்லாம் வெறும் தரிசாம்; அதற்காக அழுவது அபிவிருத்திக்குக் குறுக்கே நிற்பதாம். யாழ்ப்பாணத் தீவக மணல் அகழ்வுக்கு வக்காலத்து வாங்குவோர் திரும்பத் திரும்பச் சொல்லும் வாதம் இது. இதில் ஒரு வரியும் உண்மையில்லை. வேலணைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்ற முறையில், எங்கெங்கே பொய் என்று காட்டும் கடமை எனக்கு உண்டு.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. தீவகத்தில் ஆறு கிடையாது. மாரியில் பெய்வதை மணல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அந்த நன்னீர் அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்த எவரும் அறிந்த விதி. அதையே திருப்பிப் பாருங்கள்: மேலே 1 அடி இறங்கினால் அடியில் 40 அடி கரையும், உப்பு ஏறிவரும். அல்லைப்பிட்டி, நெடுந்தீவின் சாராப்பிட்டி என்று எங்கள் முன்னோர் மேட்டுக்குப் 'பிட்டி' என்று பெயர் வைத்தார்கள். சாராப்பிட்டியில் இன்றும் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மண்கும்பான் பெயரிலேயே மண்ணைச் சுமக்கும் ஊர். அடுத்திருக்கும் சாட்டியின் கிணறுகள் அயலூர்களுக்கும் தண்ணீர் கொடுத்தவை. இந்த மணலை டிப்பரில் ஏற்றுபவன் ஊரின் தண்ணீர்த் தொட்டியை உடைத்து ஏற்றுகிறான். நீர்மட்டம் தெரியத் தோண்டிய குழியில் பங்குனி, சித்திரை வெயில் நேரே வாய்வைத்துக் குடிக்கிறது.

சரி, மூடுகிறீர்கள். எதைக்கொண்டு? களிமண் போட்டால் மழை உள்ளே இறங்காது. கட்டட இடிபாடும் குப்பையும் போட்டால் அதன் சாறு இறங்கும், நேரே கிணற்றுக்கு. மேற்பரப்பு மட்டமாகிவிடும், அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்தும் போடலாம். கிணற்றில் வாளி இறக்குகிறவளுக்கு அந்தக் கையெழுத்தால் என்ன பயன்? அதுவும் அனுமதி பெற்றுத் தோண்டியவனுக்குத்தான் பொருந்தும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம் நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பை அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் தலையில் வைக்கிறது. நள்ளிரவில் திருட்டு மணல் ஏற்றுகிறவனிடம் எந்தப் பத்திரத்தைக் காட்டிப் பொறுப்புக் கேட்பது?

அடுத்தது தரவை. மாரியில் வெள்ளம் தேங்கி, வற்றும்போது புல் விட்டு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சல் கொடுக்கும் தாழ்நிலம் அது. வற்றிய தரையில், கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லாமல், ஆட்காட்டி முட்டையிடும். வடபுலத்து உவர்க்களப்புகளின் ஓரத்தில் வாழும் அனுமன் உப்புக்கொத்தி 2023இல்தான் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. அதுவும் வெறுந்தரையில்தான் முட்டையிடும் பறவை. அதற்கு வேண்டியதே இவர்கள் தரிசு என்று ஏசும் அந்த வெட்டவெளிதான். அங்கே மண் கொட்டி உயர்த்தினால் முட்டையிட இடமில்லை, வெள்ளம் நிற்கவும் இடமில்லை. மரம் நடுவோம் என்பதும் மறுமொழி ஆகாது. காரைநகரின் கசூரினாக் கடற்கரையில் சவுக்கின் கீழ் நடந்தவர்களுக்குத் தெரியும், உதிர்ந்த சருகு மெத்தையின் அடியில் புல் முளைக்க எவ்வளவு பாடுபடுகிறது என்று. மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருந்த இராவணன்மீசையையும் அடம்பன்கொடியையும் பிடுங்கி எறிந்துவிட்டுச் சவுக்கு நடுவதைப் புனரமைப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

நிலக்கரி நாடுகளை இவர்களே இழுத்தார்கள், பார்ப்போம். அமெரிக்கா 1977இல் மேற்பரப்புச் சுரங்கங்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. மேல்மண்ணைத் தனியே எடுத்துக் காத்து, அதையே திரும்பப் பரப்பவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதைவிட முக்கியமாக, வறண்ட மேற்குப் பகுதியின் பள்ளத்தாக்குத் தரைகளுக்கென்று தனி விதி வைத்தது. அடியில் ஊறும் நீரால் கோடையிலும் புல் கொடுக்கும் தாழ்நிலங்கள் அவை. அங்கே தோண்டும்போதும் மூடும்போதும் நீரின் போக்கு கெடக்கூடாது. வேளாண்மையைக் குலைக்குமானால், சில விலக்குகள் தவிர, அனுமதியே கிடையாது. நிரப்பி மூடினால் போதும் என்று அந்த நாடு நினைத்திருந்தால் இந்த விதி எதற்கு? சில நிலங்களைத் தோண்டிவிட்டால் மீட்க முடியாது என்று கண்டதால்தான் அது எழுதப்பட்டது. எங்கள் தரவைக்கு அதைவிட நெருங்கிய உறவுநிலம் வேறு இல்லை.

அவ்வளவு தூரமும் போகத் தேவையில்லை. காங்கேசன்துறைக்குப் போங்கள். 1950இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்து ஆலை 1990இல் போரால் நின்றது. அந்த 40 ஆண்டும் கீரிமலைப் பக்கம் சுண்ணக்கல்லை வெட்டி எடுத்தார்கள். குழிகள் இன்றும் குழிகளாகவே கிடக்கின்றன. போர்தான் காரணம் என்பீர்கள். போர் 2009இல் முடிந்துவிட்டது.

மேய்ச்சல் நிலம் போகிறதே என்றால், நெடுந்தீவின் குதிரைகளுக்குத்தான் பூங்கா இருக்கிறதே என்றும் வாதிடுகிறார்கள். 2015இல் 1,846 ஹெக்டேயரைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், நல்லது. ஆனாலும் வறட்சி முற்றும் ஆண்டுகளில் அந்தக் குதிரைகள் தாகத்தால் சாகின்றன. வர்த்தமானியில் கோடு கிழித்ததால் துரவில் தண்ணீர் ஊறிவிடவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி, இதற்கு எனக்குப் பதில் வேண்டும். மண்கும்பானில் எடுத்த மணலுக்கு ஈடு மணல்தான், வேறு எந்த மண்ணும் அந்த நீரைப் பிடிக்காது. அப்படியானால் அந்தக் குழிகளை நிரப்ப இன்னொரு பிட்டியை வெட்டவேண்டும். அது எந்த ஊர்ப் பிட்டி? அந்த ஊரின் பெயரை எழுதிவிட்டு, அதன் பிறகு எங்களிடம் புனரமைப்புப் பேசட்டும்.