பசுவும் பாவையும்

‘பசு மாதிரிப் பெண்’ என்று நம் வீடுகளில் பாராட்டுவார்கள். பெண் பார்க்கப் போய் வந்தவர்கள் வாயில் தவறாமல் வரும் சொல் இது. எதிர்த்துப் பேசமாட்டாள் என்பதே அதன் பொருள். இச்சொல்லுக்கு நம் கதைகள் எவ்வளவு தீனி போட்டிருக்கின்றன என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்மோடு படிக்கும் கன்னட நண்பர்களைக் கேளுங்கள். ‘கோவின ஹாடு’ அறியாதவர் அரியர். புலியிடம் அகப்பட்ட புண்யகோடி என்னும் பசு, கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. ஊட்டிவிட்டு, சொன்ன சொல் தவறாமல் சாவதற்குத் திரும்புகிறது. வாய்மையைப் போற்றும் அருமையான பாட்டு. கேட்டால் கண் கலங்கும். ஆனால், பணிந்து போனால் புலியும் மனம் மாறும் என்று இதே கதையைப் புகுந்த வீட்டில் துன்புறும் பெண்ணுக்கு மருந்தாகக் கொடுக்கிறோமே, அது தகுமா? பாட்டில் வரும் புலி நாணி உயிர்விட்டது. வீட்டுப் புலி எதுவும் அப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தமிழும் இதில் பின்தங்கிவிடவில்லை. முல்லைக்கலியில் காளையைத் தழுவியவனுக்கே ஆயமகள் உரியவள். 1959இல் நூலாக வந்த சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ கதையில், பிச்சியிடம் அடங்கிப்போன காரிக்காளையை ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார். தோற்றது மாடு, போன மானமோ அவருடையது! மானத்தின் பெயரால் மகளைக் கொல்லும் தந்தையரின் கணக்கும் இதுதான்.

இந்த முடிச்சை நான் கண்டவரையில் நன்றாக அவிழ்த்துக் காட்டியது பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016). ‘மாதொருபாக’னுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015இல் எழுத்தையே துறப்பதாக அறிவித்தவர், மறுஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வெளியிட்ட நாவல் அது. மனிதரைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, ஒரு வெள்ளாட்டின் கதையைச் சொல்கிறார். படிப்பவர் கண்ணுக்கு ஆடு மட்டுமா தெரிகிறது? பூனாச்சியின் மனம் பூவன்மேல். வீட்டார் கொண்டுபோய்ச் சேர்த்ததோ ஒரு கிழட்டுக் கிடாவிடம். ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள். பெற்றவள் உடல் தேய்கிறது, குட்டிகள் விலைபோகின்றன. இதில் கொடியவர் என்று யாரைச் சுட்டுவது? கிழவி அவளைப் பெற்ற மகளைப்போல் வளர்த்தவள். வறுமை அவளையும் வாட்டுகிறது. அன்பிருந்தும் கயிறு அவள் கையில்தான் இருக்கிறது. இந்தக் கிழவியை நம் தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்நூல் என்னை உறங்கவிடவில்லை.

பெண்ணை ஆட்டோடு ஒப்பிடுவது இழிவன்றோ என்று விடுதி நண்பர் ஒருவர் சீறினார். இருவருக்கும் சந்தையில் விலை பேசும்போது வராத சினம், ஒப்பிடும்போது மட்டும் ஏன் வருகிறது என்றேன். இன்னும் விடை வரவில்லை.

நம் மலருக்குக் கதை எழுதும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாயகி ‘மருண்ட மான்போல் நின்றாள்’ என்று அடுத்த முறை எழுதும்போது, அந்த மான் யாரைக் கண்டு மருண்டது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.