வளாகத் தேர்தலில் நாம் யார்?

வளாகத் தேர்தல் நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் நம் மாணவரிடையே இரண்டு பேச்சுகள் எழுகின்றன. "நாம் படிக்க வந்தோமா, அரசியல் பண்ண வந்தோமா?" என்பது ஒன்று. "இந்த முறை நம் ஆட்கள் எல்லாரும் யாருக்குப் போடுவது?" என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், சிந்திக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிடும் மனப்போக்கில் இரண்டும் ஒன்றே.

முதல் பேச்சில் இருக்கும் அச்சத்திற்குக் காரணம் உண்டு. 1974ஆம் ஆண்டு டிசம்பரில், ரப்பர் விலை வீழ்ந்து பாலிங் வட்டார மக்கள் பட்ட துன்பத்தைக் கண்டு கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் 1975இல் மேலும் இறுக்கப்பட்டது. கட்சியில் சேர்வது மட்டுமன்று, ஒரு கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ காட்டுவதும் மாணவருக்குக் குற்றமாயிற்று. "வம்புக்குப் போகாதே, பட்டத்தோடு வா" என்று நம் பெற்றோர் சொல்லி அனுப்புவது அந்தக் காலத்தின் எச்சம்.

ஆனால் காலம் மாறிவிட்டது. 2010ஆம் ஆண்டு உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் வழக்குத் தொடுத்தனர். அச்சட்டத்தின் அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் கட்சியில் சேரும் உரிமை வந்தது. வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. வாக்களிக்கும் வயது 18 ஆனதால், என் வயதினர் பலர் 2022 பொதுத்தேர்தலிலேயே வாக்களித்துவிட்டோம். நாட்டின் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வயது நமக்கு வந்துவிட்டது. மாணவர் மன்றத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் மூத்த மாணவரின் கட்டளைக்குக் காத்திருப்பது பொருந்துமா?

மொழிக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்பாரும் உளர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்ட 1950களில், அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குச் சாதாரண மக்களும் பணம் தந்தனர். அது அரசியலன்றி வேறென்ன? அதே பல்கலைக்கழகத்தில் மலாய் மொழிக் கழகத்திற்குத் தலைமையேற்ற மாணவர் அன்வார் இப்ராஹிம், 1974 போராட்டத்தின்போது விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டு, 2022இல் பிரதமரானார். மொழிக் கழகம் பண்டிகை கொண்டாட மட்டுமே என்று யார் சொன்னது?

இனி இரண்டாவது பேச்சுக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியில் வகுப்புத் தலைவரை ஆசிரியரே நியமித்தார். இடைநிலைப்பள்ளியிலும் கட்டொழுங்கு மாணவர்களை ஆசிரியர்களே தேர்ந்தெடுத்தனர். பல்கலைக்கழகத்தில்தான் முதன்முறையாக நம்மிடம் வாக்குக் கேட்டு வருகிறார்கள். ஆனால் அவர்கள் நம் ஒவ்வொருவரிடமும் வருவதில்லை. விடுதியில் செல்வாக்குள்ள ஒருவரிடம் பேசிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் புலனக் குழுவில் வேட்பாளர் பெயர் வந்துவிடுகிறது. கைம்மாறாகத் தீபாவளி நிகழ்ச்சிக்கு மண்டபமோ, பொங்கல் விழாவுக்குக் கொஞ்சம் நிதியோ கிடைக்கும். ஒரு மாலை நிகழ்ச்சியோடு நம் ஓராண்டுப் பேரம் முடிந்துவிடுகிறது.

"நாம் சிறுபான்மையினர். ஒன்றாக நின்றால்தானே மதிப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒற்றுமை வேண்டும். ஆனால் அந்த ஒற்றுமை கோரிக்கையில் இருக்க வேண்டும். வேட்பாளர் பெயரில் அல்ல. தீபாவளியை ஒட்டித் தேர்வு வைக்கக்கூடாது. வசதியற்ற மாணவருக்கு இரண்டாம் ஆண்டிலும் விடுதியில் இடம் வேண்டும். இரவு வகுப்பு முடிந்தபின் பேருந்து வேண்டும். நூலகத்தில் புதிய தமிழ் நூல்கள் வேண்டும். இவற்றை எழுதி, எல்லா அணியினரிடமும் வெளிப்படையாகக் கொடுப்போம். யார் என்ன பதில் சொன்னார் என்பதைப் பார்த்து அவரவர் வாக்களிக்கட்டும்.

கட்சி சார்ந்த மாணவர் மன்றங்களில் நம்மவர் சேர்வதையும் நான் குறை சொல்லமாட்டேன். சேரட்டும், ஒரே கட்சியில் அல்ல, பல கட்சிகளிலும் சேரட்டும். ஆனால் தலைவர் வரும்போது பதாகை பிடிப்பதும் சாப்பாட்டுப் பொட்டலம் பகிர்வதும் மட்டுமே அங்கு வேலையென்றால், அதை அரசியல் பயிற்சி என்று சொல்ல முடியாது. கல்விக் கடன், கட்டணம், வேலைவாய்ப்பு பற்றிக் கட்சித் தலைமையிடமே கேள்வி கேட்கும் துணிவு அங்கு வளர வேண்டும்.

அதே வேளையில், தமிழ்க் கழகம் எந்த அணிக்கும் சொந்தமாகக்கூடாது. கழகத்தின் பெயரில் ஆதரவு அறிக்கை வேண்டாம். கட்சி மன்றப் பொறுப்பில் இருப்பவர் கழகச் செயலவையில் இருந்தால், இரண்டு தொப்பிகளையும் ஒரே நேரத்தில் அணியாதிருக்கட்டும். கழகம் செய்யக்கூடிய நல்ல பணி ஒன்று உண்டு. தேர்தலுக்கு முன் எல்லா வேட்பாளரையும் ஒரே மேடைக்கு அழைத்து, நம் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைப்பதே அது. அதற்குச் செலவு அதிகமில்லை, ஒரு மண்டபம் போதும்.

அடுத்த தேர்தலில் உங்களிடம் யாரேனும் ஒரு பெயரைச் சொன்னால், "ஏன் அவர்?" என்று மட்டும் கேளுங்கள், நண்பர்களே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் தயாராகும் நாளில்தான் நாம் வாக்கு எண்ணிக்கையாக இல்லாமல் வாக்காளர்களாக மதிக்கப்படுவோம்.